ஒன்றேகால் நொடிச் சந்து

ஹெப்சிபா இறந்த பிறகு எழுபத்தோரு நாள் நான் அவளோடு செல்லோ வாசித்தேன். இதைச் சொன்னால் சிலர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். நிலவுக்கு ஆட்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய அந்த வருடங்களில் வீட்டில் பாலம் என்ற கருவி வைத்திருந்தவர்கள் மட்டும், "கடைசியில எதை வச்சுக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் எழுதுகிறேன். பதில் சின்னது. அதற்கு முன்னால் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான் ஆசீர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவன். என் வாத்தியம் செல்லோ. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற அந்தப் பெரிய பெட்டியோடு நின்றால், முருகன்குறிச்சி ஆட்டோக்காரர்கள் "சார், அதுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட்" என்பார்கள். ஹெப்சி வயலின். பிழைப்புக்கு அவள் பொறியாளர். பாறையில் துளை போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை.

நாங்கள் சந்தித்தது சென்னையில், ஒரு வாத்தியக் குழு ஒத்திகையில். நான் செல்லோக்களுக்குத் தலைவன். அவள் வயலின் வரிசையில் கடைசி நாற்காலி. எல்லாரும் ஒன்றாக வில்லை இறக்கவேண்டிய இடத்தில் ஒரு வயலின் மட்டும் மயிரிழை பிந்திக்கொண்டே இருந்தது. குழுவை நடத்துபவரிடம் சொன்னேன். தேநீர் இடைவேளையில் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் என்னை மாட்டிவிட்டதா?"

"ஒவ்வொரு தடவையும் பிந்துறீங்களே."

"பிந்தலை. சாஞ்சேன்."

"என்னது?"

டீ கிளாஸைச் சுவர்மேல் வைத்துவிட்டு விரலால் தட்டிக் காட்டினாள். "ரெண்டு ஸ்வரத்தையும் சமமாப் போட்டா இப்படி. இது போலீஸ் பரேடு. இப்ப கேளுங்க. முதல் ஸ்வரம் ஸ்டாப்புல சாஞ்சு நிக்குது. ரெண்டாவது, பஸ் போயிருமோன்னு கடைசி நேரத்துல ஓடியாருது. ஜாஸ்னா இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கோட்டு சூட்டு."

"நொண்டுற மாதிரி இருக்கு."

"நொண்டிட்டுப் போறவனைப் பாத்தா எங்க போறான்னு கேக்கத் தோணும். பரேடு எங்க போகுதுன்னு யாராவது கேப்பாங்களா, மிஸ்டர் மெட்ரோனோம்?"

மெட்ரோனோம் என்பது மேசைமேல் வைத்தால் தவறாமல் டக் டக்கென்று தாளம் அடிக்கிற கருவி. திருமணமாகிப் பதினெட்டு வருடமும் அதுதான் என் பெயர்.

கல்லூரி நாட்களில் எழும்பூர் ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் மூன்று பேர் ஜாஸ் வாசிப்பார்களாம். அவள் ஒரு எலுமிச்சை ஜூஸை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாளாம். நான் வளர்ந்தது வேறு மாதிரி. இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் இரண்டு வில்லும் ஒரே கணத்தில் கம்பியைத் தொடவேண்டும், கூட வாசிப்பவருக்குக் காட்டும் மரியாதை அது என்று என் ஆசிரியை சொல்லித்தந்திருந்தார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன்.

இந்த இரண்டையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டினால் என்ன வருமோ, அதுதான் எங்கள் தொகுப்பு. வயலினுக்கும் செல்லோவுக்குமாக ஏழு துண்டுகள். 'ஏழு' என்றே சொல்வோம். எழுதி முடிக்கப் பதினோரு வருடம் ஆனது. பழைய ஐரோப்பிய அரசவை நடனங்களின் அமைப்பு. ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திப் பின்னுகிற கண்டிப்பான இலக்கணம் என் பங்கு. அதற்குள் ஓடுகிற அவளுடைய நொண்டி நடை. நான் ஒரு வரி எழுதி வைத்தால் மறுநாள் காலை அதில் பாதி ஸ்வரங்கள் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும். "யாரு இதை நகட்டுனது?" என்பேன். சமையலறையிலிருந்து, "அதுகளே நகந்துச்சு" என்று பதில் வரும்.

நான்காவது துண்டு மெதுவானது. அதன் நடுவே நான்கு தாளக் கட்டங்களில் ஒன்றுமே எழுதவில்லை. இரண்டு பேருக்கும் வெற்றுத்தாள். அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய இடம் அது. அதற்குப் பெயர் சந்து. யார் முதலில் நுழைவது, என்ன வாசிப்பது, எதுவும் முன்கூட்டிப் பேசக்கூடாது. அவளுக்குத் தோன்றினால் அவள் நுழைவாள், நான் அடியில் மெல்லத் துணை வாசிப்பேன். நான் போகவேண்டும் என்று நினைத்தால் இடது குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். டொக், டொக். 'நீ போ' என்று அர்த்தம். எனக்கு அந்தத் தட்டைக் கேட்டாலே கண் தாளில் எழுதிய ஸ்வரத்தைத் தேடும். ஆனாலும் போவேன். போய் எதையாவது உளறுவேன். அவள் வில்லைக் கீழே தொங்கவிட்டுச் சிரிப்பை அடக்குவாள். பிறகு ஐந்தாவது கட்டத்தில் ஒன்றுமே நடக்காதது போல வந்து சேர்ந்துகொள்வாள்.

அவளுடைய நாற்பத்து மூன்றாம் வயதில் நிலவில் வேலை வந்தது. தென்துருவத்துப் பள்ளங்களில் பனி இருக்கும் ஆழம் பார்த்துத் துளை போடவேண்டும். மூன்று வருட ஒப்பந்தம்.

"போகட்டுமா ஆசீர்?"

"கேக்குறியா, சொல்லுறியா?"

"கேக்குறேன். ஆனா கையெழுத்துப் போட்டுட்டேன்."

சொந்தப் பொருளாக மூன்று கிலோ கொண்டுபோகலாம். அவள் வயலினையும் வில்லையும் நான்கு செட் கம்பிகளையும் எடுத்தாள். அவள் தங்கை ஜெமிமா தூத்துக்குடியிலிருந்து வந்து, "வேதப்புத்தகம் எங்கக்கா?" என்று கேட்டாள். "அது ஃபோன்ல இருக்குடி. வயலின் ஃபோன்ல இல்லையே" என்றாள் ஹெப்சி.

அவள் கிளம்பிய மாதம் எங்கள் வீட்டில் பாலம் பொருத்த வந்த பெண் முபீனா. காயல்பட்டினத்துப் பிள்ளை. தலைமுக்காட்டுக்குள் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பாள். சின்ன ரேடியோப் பெட்டி அளவில் ஒரு கருவியையும் ஒரு காதுக்கருவியையும் மேசைமேல் வைத்துவிட்டு விளக்கினாள்.

"சார், நீங்க வாசிக்கிறது நிலாவுக்குப் போய்ச்சேர ஒன்றேகால் நொடி. அவங்க வாசிக்கிறது இங்க வர இன்னொரு ஒன்றேகால். பேச்சுன்னா பொறுத்துக்கலாம். சேர்ந்து வாசிக்க முடியாதுல்ல?"

"முடியவே முடியாது."

"அதுக்குத்தான் பாலம். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல வாசிச்சுப் பதிஞ்சு வச்சதெல்லாம் அது கேட்டு முடிச்சிருச்சு. மேடம் அடுத்த ரெண்டரை நொடியில என்ன வாசிப்பாங்கன்னு கணிச்சு, அதை இப்பவே உங்க காதுல வாசிக்கும். ரெண்டரை நொடி கழிச்சு நிஜம் வந்து சேரும். ரெண்டும் ஒண்ணா இருந்தா பேசாம இருந்துக்கும். வேற வேறயா இருந்தா கணிப்பை நிஜத்துப் பக்கமா இழுத்துக்கும். அவங்க கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அது உங்களைக் கணிக்கும்."

"அப்ப நான் கேக்கப்போறது ஹெப்சியையா, இந்தப் பெட்டியையா?"

அவள் பென்சிலை எடுத்துக் கன்னத்தில் தட்டினாள். "எங்க வாப்பா கப்பல்ல இருக்காங்க சார். அங்க லைன் விட்டு விட்டுத்தான் வரும். அதனால பேச்சுக்கு ஒரு பாலம் போட்டிருக்கோம், விட்டுப்போற இடத்தை அது ரொப்பும். அதுல இருந்து வாப்பா சண்டையே போடுறது இல்ல. உம்மாவுக்கு ஒரே சந்தேகம். 'இது உங்க வாப்பா இல்லடி, யாரோ நல்ல மனுஷன்'ங்கிறாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம்.

கருவியின் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருந்தது. அதன் மேல் 'மென்மை' என்று எழுதியிருந்தது. ஒன்றில் வைத்தால், கணிப்பு தவறு என்று தெரிந்த கணமே கருவி நிஜத்துக்குத் தாவும். காதில் இடறும். பத்தில் வைத்தால் தாவாது. கணிப்பு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். முபீனா அதை மூன்றில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி எங்கள் நேரம். முதல் மாதங்களில் நான் நன்றி சொல்லாத நாளில்லை. கண்ணை மூடினால் அவள் கூடத்தில் ஜன்னலோரத்தில் நின்று வாசிப்பாள். பிறகு ஒரு நாள் பேசும்போது சொன்னாள்.

"ஆசீர், இங்க வில்லைத் துள்ளவிட்டா இறங்க மாட்டேங்குது."

வில்லைக் கம்பிமேல் துள்ளவைத்து வாசிக்கிற முறை ஒன்று உண்டு. பூமியில் வில் தன் எடையிலேயே திரும்ப விழும். அங்கே எடை ஆறில் ஒரு பங்கு. துள்ளிய வில் மேலேயே யோசித்துக்கொண்டு நின்றுவிட்டு மெல்லத்தான் வரும்.

"அழுத்திப் பிடிச்சு வாசி" என்றேன்.

"பிடிச்சுப் பார்த்தேன். அப்புறம் அதும்போக்குல விட்டுட்டேன். நல்லாயிருக்குடா. இப்ப நொண்டலை, மிதக்குது. பஸ்ஸுக்கு ஓடுறவன் தரையில கால் படாமலே ஏறிடுறான். உனக்குக் கேக்குதுல்ல?"

எனக்குக் கேட்டது வேறு. கருவி அறிந்திருந்தது பாளையங்கோட்டை ஹெப்சியை. புது ஹெப்சி வந்து சேரும்போதெல்லாம் கணிப்பு தடுமாறி அவள் பக்கம் தாவியது. என் காதில் வயலின் விக்கியது, வழுக்கியது. சேர்ந்து இறங்கவேண்டிய இடத்தில் நான் தனியாக இறங்கினேன். கூட வாசிப்பவரை விட்டுவிட்டுப் போவது அவமரியாதை என்று வளர்ந்தவனுக்கு அது தாங்கவில்லை. குமிழை ஆறுக்குத் திருப்பினேன். அடுத்த மாதம் ஒன்பதுக்கு. ஒன்பதில் விக்கல் நின்றது. கூடத்து ஜன்னலோரத்தில் அவள் மறுபடி வந்து நின்றாள். மிதப்பை அவள் பழக்கத்தில் சரிசெய்துகொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

"அந்தக் குமிழு எதுல இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒன்பது."

வழக்கமான இரண்டரை நொடி. "கொஞ்சம் இறக்கேன்."

"இறக்குனா தாவுது ஹெப்சி. வாசிக்கவே முடியலை. இப்ப எவ்வளவு நல்லா வருது தெரியுமா, அப்படியே நம்ம வீட்டுல வாசிச்ச மாதிரி."

"சரி, விடு" என்றாள்.

பிறகு சில மாதம் கழித்து, நான்காவது துண்டு முடிந்ததும், "ஆசீர், சந்துல நீ யார் கூடப் பேசிட்டிருக்கே?" என்றாள்.

"உன் கூடத்தான். வேற யாரு இருக்கா?"

அவளிடமிருந்து பதில் வரச் சற்று நேரமானது. நேரில் என்றால் அந்த மௌனத்துக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஒன்றேகால் நொடிக்கு அப்பால் இருப்பவரின் மௌனத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தூரத்தின் கணக்கில் போய்விடும். கடைசியில் அவள் சிரித்தாள். வேறு ஏதோ பேசினோம். ஜெமிமா வாங்கிய ஸ்கூட்டரைப் பற்றி என்று நினைவு.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை வாசித்தோம். குற்றம் குறை இல்லாத வாசிப்பு. கருவி ஒரு இடத்தில்கூட அசையவில்லை.

"இன்னைக்கு ரொம்பச் சுத்தமா வந்துச்சு" என்றேன்.

"கேட்டியா? சந்தும்?"

"சந்தும்தான். அழகா வாசிச்சே."

"அப்ப சரி" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன் அந்த மாதிரி நிம்மதியை.

ஆறு நாள் கழித்து அவள் தூக்கத்தில் இறந்துபோனாள். இதயம். முன்பே தெரிந்திருக்க வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். தளத்துக்கு வெளியே ஒரு சரிவில் அடக்கம் செய்தார்கள். இங்கே சவப்பெட்டி இல்லாமல் ஆராதனை நடந்தது. போதகர் 'மண்ணுக்கு மண்ணாக' என்று வாசித்தபோது, எந்த மண்ணு அத்தான் என்பது போல ஜெமிமா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு, கை பழக்கத்தில் நான் செல்லோவை எடுத்துப் பாலத்தைப் போட்டேன். முதல் துண்டின் முதல் கட்டம். அவள் வந்துவிட்டாள். நிஜம் வராதபோதும் கணிப்பு கணித்துக்கொண்டே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கம்பியிலிருந்து வில்லை எடுக்கத் தோன்றவில்லை எனக்கு. ஏழையும் வாசித்து முடித்தேன். சந்தில் அவள் வழக்கம்போல நுழைந்தாள், நான் வழக்கம்போலத் துணை வாசித்தேன். மறுநாள் ஞாயிறு. மறுநாளும் வாசித்தேன். பிறகு சனிக்கிழமை என்ற கணக்கே போய்விட்டது.

ஜெமிமா ஒரு காலையில் சொல்லாமல் வந்தவள், வாசலில் செருப்போடு நின்றுவிட்டாள். காதுக்கருவி போடாமல் ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன்.

"அத்தான். அதை அமத்துங்க."

அமத்தினேன்.

"எங்கக்கா செத்துப்போயிட்டா. நீங்க தினமும் அவளைக் கூப்பிட்டு வச்சுக் கச்சேரி பண்ணுதீங்க. இது நல்லாயிருக்கா?"

"எனக்கு வேற என்ன இருக்கு ஜெமி?"

"எனக்கு மட்டும் என்ன இருக்கு? அவ உங்களுக்கு மட்டுமா அக்கா?" என்றாள். சொன்னபிறகுதான் சொன்னது தப்பாக இருப்பது தெரிந்தது. அழுகையோடு சிரித்துவிட்டாள். நானும்தான்.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா தெரியவில்லை. ஒருவர் இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் குடும்பம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருடைய கணிப்பை வைத்துக்கொள்ளலாம், அல்லது அவர் நிஜமாக விட்டுப்போன பதிவுகளை வைத்துக்கொள்ளலாம். மற்றது அழிக்கப்படும். ஒரே ஆளிலிருந்து இரண்டு மூன்று ஆட்களைச் செய்து கொஞ்ச வருடம் மக்கள் படாதபாடு பட்டதால் வந்த சட்டம். எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. பதிவு பதில் சொல்லாது. கணிப்பு நான் சாகிறவரை என்னோடு வாசிக்கும். ஜெமிமா பதிவுதான் வேண்டும் என்றாள். கையெழுத்து என்னுடையது.

எழுபத்திரண்டாம் நாள் காலை முபீனா படிவத்தோடு வந்தாள். ஜெமிமாவும் வந்து, என்னைப் பார்க்காமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு சார். எது அழியப்போகுதோ அதுல ஒரு பங்காவது நீங்க கேக்கணும். கேக்காம போடக்கூடாது."

"அதான் எல்லாம் கேட்டுட்டேனேம்மா. மூணு வருஷமா கேட்டதுதானே."

"நீங்க கேட்டது கணிப்பு சார். ஒன்பதுல வச்சிருந்தீங்கல்ல? நிஜம் தனியா இருக்கு. எந்தத் தேதி போடட்டும்?"

ஜெமிமாதான் சொன்னாள். "அக்கா பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்துச்சு. போன வருஷம்."

முபீனா போட்டாள். நான்காவது துண்டு.

முதலில் எனக்குத் தவறுகள்தான் கேட்டன. இருபத்தாறு வருடம் மாணவர்களைத் திருத்திய காது. வில் தூக்கினால் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. இரண்டாவது ஸ்வரம் ஓடிவரவும் இல்லை. எங்கோ மேலே நின்று, இறங்கலாமா என்று பார்த்து, பிறகு இலை விழுகிற மாதிரி வந்து கம்பியில் உட்கார்ந்தது. இரண்டு வரி போனதும் என் காது திருத்துவதை விட்டுவிட்டது. இப்படி ஒரு நடையை நான் எங்கும் கேட்டதில்லை. என் இலக்கணம் முழுக்க அதில் இருந்தது, ஒரு ஸ்வரம் பிசகாமல். ஆனால் எதுவும் தரையில் இல்லை. அவள் கேட்டாளே, 'உனக்குக் கேக்குதுல்ல' என்று. அது இதுதான்.

பின்னணியில் என் செல்லோ. அவள் கேட்டபடி.

"இது என் நிஜ வாசிப்பு மாதிரி இருக்கே" என்றேன்.

"நிஜம்தான் சார். மேடம் அவங்க பக்கத்துப் பாலத்தை அணைச்சு வச்சிருந்தாங்க. பதினாலு மாசமா. நீங்க வாசிச்சது பிந்தி வந்தாலும் அதையே கேட்டு, அதுக்குச் சேர வாசிச்சிருக்காங்க."

சந்து வந்தது.

டொக், டொக்.

குதிகால். இரண்டு தட்டுக்கும் நடுவே நான் அறிந்ததைவிட நீண்ட இடைவெளி. அங்கே கால்கூட மெல்லத்தான் விழும். கருவி அதைக் குப்பைச் சத்தம் என்று வடிகட்டியிருக்கிறது. தட்டலுக்குப் பிறகு வயலின் இல்லை. அவள் மூச்சு கேட்டது. அவள் காத்திருந்தாள். என் செல்லோ அடியில் மெல்ல, பணிவாக, யாருக்கோ துணை வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. என் காதில் மட்டும் ஒரு ஹெப்சி நுழைந்திருந்தாள், நான் மரியாதையோடு அவளுக்கு வழிவிட்டிருந்தேன். நான்கு கட்டம் முடிந்தது. ஐந்தாவதில் அவள் வந்து சேர்ந்துகொண்டாள்.

"வேற தேதி போடு" என்றேன்.

டொக், டொக். மூச்சு. யாருமில்லாத சந்தில் நான்.

"இன்னொண்ணு."

முபீனா திரையில் தேதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கடைசி ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் இருக்கு சார். அம்பத்தாறு சனிக்கிழமை. ரெண்டு தட்டு, அப்புறம் காலி."

ஜெமிமா முழங்கையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"கடைசி நாள் போடும்மா."

அதில் குதிகால் தட்டவில்லை. சந்தில் வயலின் நுழைந்தது. வில் மிதக்கவில்லை. அழுத்திப் பிடித்த வில். பாளையங்கோட்டைக் கூடத்து வாசிப்பு, ஒரு ஸ்வரம் மாறாமல்.

"இதுதான் எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியலை" என்றாள் முபீனா. "கணிப்பும் நிஜமும் நூத்துக்கு நூறு ஒண்ணா இருக்கு. அப்படி ஒருநாளும் வராது. எப்படியும் ஒரு நூலாவது விலகும். கருவி பழுதுன்னுதான் முதல்ல நினைச்சோம். அப்புறம் பார்த்தா, அந்த நாளுக்கு மூணு வாரம் முன்னாடி மேடம் ஒரு விண்ணப்பம் போட்டிருக்காங்க. உங்க காதுக்கு என்ன போகுதுன்னு தனக்கு ஒரு தடவை கேக்கணும்னு. அனுப்பியிருக்கோம்."

ஆக, அவள் அதைக் கேட்டிருக்கிறாள். தன்னைப் போலவே வாசிக்கிற அந்த ஆளை உட்கார்ந்து கேட்டு, எழுதியெடுத்து, அந்தக் காற்றில் எழும்புகிற வில்லை மூன்று வாரம் அழுத்திப் பிடித்துப் பழகியிருக்கிறாள். நான் கேட்பது ஒரு நாளாவது அவளாக இருக்கட்டும் என்று. இன்னைக்கு ரொம்பச் சுத்தமா வந்துச்சு என்றேன் நான்.

ஜெமிமா நிமிர்ந்தாள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முபீனா முக்காட்டுக்குள்ளிருந்து பென்சிலை உருவி நீட்டினாள். "பேனா வேணும்ல?" என்றேன். "முதல்ல பென்சில்ல போடுங்க சார். மாத்தணும்னா மாத்திக்கலாம்." பேனாவிலேயே போட்டேன். ஜன்னலோரத்து ஹெப்சி அன்று மதியம் அணைந்துபோனாள். அவளுக்காகவும் நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதினோரு வருடம் எங்களைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா.

அம்பத்தாறு சனிக்கிழமைகளும் என்னிடம் இருக்கின்றன. முபீனா எனக்கு ஒரு உதவி செய்தாள். பதிவுகளில் என் பழைய செல்லோவை மட்டும் அணைத்துக் கொடுத்தாள். "உசுரோட இருக்கிறவர் வாசிச்சதை அவரே அழிச்சுக்கலாம், சட்டம் ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

இப்போது அவளோடு வாசிக்க ஒன்றேகால் நொடியும் இல்லை, பாலமும் இல்லை. ஆனால் கஷ்டம் வேறு. அவள் அன்று என்னைக் கேட்டு, என்னோடு சேர்ந்து வாசித்தாள். ஆகவே நான் அன்று வாசித்தபடியே இன்றும் வாசிக்கவேண்டும். அதே வேகம், அதே தயக்கம், மூன்றாவது துண்டில் நான் பக்கம் புரட்டத் தடுமாறிய அதே இடறல். ஒரு மெட்ரோனோமால் அது முடியும். என் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் பெயர் பயன்பட்டது.

சந்தில் மட்டும் நான் பழைய ஆசீர் இல்லை. முதல் சில வாரங்கள் நுழைந்து உளறினேன். போலீஸ் பரேடு. ஜெமிமா சோபாவில் உட்கார்ந்து, "அத்தான், அக்கா இருந்தா வில்லைத் தொங்கப்போட்டிருப்பா" என்பாள். இருபதாவது வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன வாசித்தாலும் ஐந்தாவது கட்டத்தில் ஹெப்சி வந்து சேர்ந்துகொள்கிறாள், கேட்டுவிட்டு வருகிறவளைப் போல.

இன்றைக்கு சனிக்கிழமை. அம்பத்தாறில் கடைசிக்கு முந்தியது. கடைசியை நான் வாசிக்கப்போவதில்லை, அதில் அவள் எனக்கு இடம் விடவில்லை. ஜெமிமா கீழே ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. வில்லை எடுத்தேன். மூன்று துண்டு முடித்து நான்காவது. அவள் வில் மேலே போனது, நின்றது, வந்து உட்கார்ந்தது. காலித்தாளைப் புரட்டினேன்.

டொக், டொக்.

நான் அவசரப்படவில்லை. ஸ்டாப்பில் நன்றாகச் சாய்ந்து நின்றேன். பிறகு ஓடினேன்.